கிளோரின் அணுவில் அரை நியூட்ரான் உண்டா?

2024 மார்ச் 2, காலை: ஒரு வாசகரின் கேள்வி

"கிளோரினின் அணு எண் 17 என்றும் அணு நிறை 35.5 என்றும் பாடநூலில் உள்ளது. நிறையிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான்களின் எண்ணிக்கை கிடைக்கும் என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். கழித்தால் 18.5 வருகிறது. அப்படியானால் அரை நியூட்ரான் என்று ஒன்று உண்டா? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். கிளோரின் அணு ஓர் எலக்ட்ரானைப் பெற்றுக் கிளோரைடு அயனியாகும்போது அதன் நிறை 36.5 ஆகிவிடுமா?"

2024 மார்ச் 2, இரவு

அரை நியூட்ரான் கிடையாது. கழித்தலில் பிழையில்லை, கழிப்பதற்கு எடுத்துக்கொண்ட எண்தான் வேறு. 35.5 என்பது எந்த ஒரு கிளோரின் அணுவின் நிறையும் அன்று; எண்ணற்ற கிளோரின் அணுக்களின் சராசரி நிறை அது. இயற்கையில் கிடைக்கும் கிளோரினில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அணுக்கள் 18 நியூட்ரான்களையும், எஞ்சிய ஒரு பங்கு 20 நியூட்ரான்களையும் கொண்டவை. முதல் வகையின் நிறை எண் (புரோட்டான்கள், நியூட்ரான்கள் இரண்டின் மொத்த எண்ணிக்கை) 35, இரண்டாவது வகையின் நிறை எண் 37. மூன்று 35களையும் ஒரு 37ஐயும் கூட்டினால் 142, அதை நான்கால் வகுத்தால் 35.5. ஒரு பகடையைப் பலமுறை உருட்டிச் சராசரி எடுத்தால் 3.5 வரும், ஆனால் பகடையின் எந்த முகத்திலும் மூன்றரைப் புள்ளிகள் இருப்பதில்லை. கிளோரினின் கதையும் அதுவே.

புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள இத்தகைய அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். 17 புரோட்டான்கள் இருக்கும் வரை அது கிளோரின்தான். நியூட்ரான்கள் கூடினாலும் குறைந்தாலும் பெயர் மாறாது, எடை மட்டும் மாறும்.

மற்ற தனிமங்களுக்குக் கணக்குப் போடும்போது, அட்டவணையில் உள்ள அணு நிறையை அருகிலுள்ள முழு எண்ணாக்கி, அதிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் போதும்.

2024 மார்ச் 3

அயனி பற்றிய இரண்டாவது கேள்விக்கு நேற்று பதில் எழுதவில்லை. நிறை 36.5 ஆகாது. ஓர் எலக்ட்ரானின் நிறை ஒரு புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ 1836இல் ஒரு பங்குதான். கிளோரின் அணு ஓர் எலக்ட்ரானைப் பெறும்போது அதன் நிறை சுமார் 0.00055 அணு நிறை அலகு கூடுகிறது, 35.5ஐ இன்னும் துல்லியமாக 35.45 என்று இரண்டு தசம இடங்களோடு எழுதினாலும் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. எனவே கிளோரினுக்கும் கிளோரைடு அயனிக்கும் ஒரே நிறையைப் பயன்படுத்துகிறோம். நிறை எண் என்பதும் புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் மட்டும் எண்ணிப் பெறுவதாகையால், எத்தனை எலக்ட்ரான்கள் வந்தாலும் போனாலும் அதற்கு மாற்றமில்லை.

இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல ஆண்டுகள் மாணவர்களுக்குக் கற்பித்ததில் நான் கண்டது இது: "ஐசோடோப்பு", "அயனி" ஆகிய இரண்டு சொற்களும் அடுத்தடுத்த பாடங்களில் வருவதால், இரண்டையும் "அணுவில் ஏதோ ஒன்று கூடிக் குறைவது" என்று ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறார்கள். முடிச்சை அவிழ்ப்பதற்கு நான் மூன்று தனித்தனிக் கணக்குகளை எழுதச் சொல்வேன். புரோட்டான் கணக்கு பெயரைத் தருகிறது. நியூட்ரான் கணக்கு எந்த ஐசோடோப்பு என்று சொல்கிறது. எலக்ட்ரான் கணக்கைப் புரோட்டான் கணக்கோடு ஒப்பிட்டால் மின்சுமை தெரிகிறது. ஒரு கணக்கில் ஏற்படும் மாற்றம் மற்றொன்றைத் தொடுவதில்லை. 17 புரோட்டான்கள், 20 நியூட்ரான்கள், 18 எலக்ட்ரான்கள் கொண்ட ஒரு துகளை எழுதிக் காட்டி, "இது ஐசோடோப்பா, அயனியா?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். அது இரண்டும்தான்: கிளோரின் 37 என்ற ஐசோடோப்பின் எதிர்மின் அயனி.

2024 மார்ச் 3, சற்று நேரம் கழித்து

நிறை எண் என்பது எண்ணிப் பெறுவது, ஆகவே அது எப்போதும் முழு எண். அணு நிறை என்பது அளந்து பெறுவது. பாடநூல் வரியில் "நிறை எண்" என்று எழுதியிருந்தால் அது சரி. "அணு நிறை" என்று எழுதியிருந்தால் அந்த வரியைத் திருத்த வேண்டும்.

2024 மார்ச் 5

முதல் நாள் குறிப்பின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். முழு எண்ணாக்கிக் கழித்தால் போதும் என்று எழுதியது தவறு. இன்று ஒரு வாசகர் வெள்ளியைச் சுட்டிக்காட்டிக் கேட்ட பிறகுதான், நானே பல ஆண்டுகள் அந்தத் தவறைக் கற்பித்திருக்கிறேன் என்பது உறைத்தது.

வெள்ளியின் அணு எண் 47, அணு நிறை 107.87. முழு எண்ணாக்கினால் 108, கழித்தால் 61 நியூட்ரான்கள். ஆனால் இயற்கையான வெள்ளியில் 61 நியூட்ரான்கள் கொண்ட அணுவே இல்லை. அதில் இருப்பவை வெள்ளி 107, வெள்ளி 109 என்ற இரண்டு மட்டுமே; முதலாவது ஏறத்தாழ 52 விழுக்காடு, இரண்டாவது 48 விழுக்காடு. அதாவது 60 நியூட்ரான்கள் அல்லது 62 நியூட்ரான்கள். நடுவில் உள்ள 61ஐ நாம் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தோமே தவிர, அதை இயற்கை வைத்திருக்கவில்லை.

புரோமின் இன்னும் தெளிவான சான்று. அணு நிறை 79.90 என்பது 80க்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது! பார்த்தவுடன் 35ஐக் கழித்து 45 என்று எழுதக் கை துடிக்கும். உண்மையில் புரோமின் 79உம் புரோமின் 81உம் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி கலந்திருப்பதால் சராசரி 80க்கு அருகில் வந்து விழுகிறது. புரோமின் 80ஐ ஆய்வகத்தில் உண்டாக்கலாம், ஆனால் அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைவதற்கு ஆகும் நேரம், 18 நிமிடங்களுக்கும் குறைவு. செம்பும் அப்படியே: 63.55ஐ 64 ஆக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 13 மணி நேரத்தில் சிதைந்து பாதியாகிவிடும் செம்பு 64; இயற்கையில் உள்ளவையோ 63உம் 65உம்.

கார்பன், ஆக்சிஜன், சோடியம் போன்றவற்றில் முழு எண்ணாக்கும் வழி சரியான விடையைத் தருவதற்குக் காரணம், அங்கே ஒரே ஒரு ஐசோடோப்பு பெரும்பான்மையாக இருப்பதுதான். வழி சரி என்பதால் விடை சரியாக வரவில்லை. அட்டவணையை மட்டும் பார்த்து ஓர் அணுவின் நியூட்ரான்களை எண்ண முடியாது; எந்த ஐசோடோப்பு என்று யாராவது சொல்ல வேண்டும், அல்லது அளந்து பார்க்க வேண்டும். தேர்வு வினாத்தாளில் "வெள்ளி அணுவில் எத்தனை நியூட்ரான்கள் உள்ளன?" என்று நிறை எண் கொடுக்காமல் கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு விடை இல்லை என்று எழுதுவதே சரியான விடை. இதை என்னிடம் படித்த பழைய மாணவர்கள் யாராவது படித்தால், அவர்களுக்கும் இந்தத் திருத்தம் சேர்த்தே.

2024 மார்ச் 6

"நியூட்ரானைக் கண்டுபிடித்த பிறகுதானே ஐசோடோப்புகளை அறிந்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். பாடநூலின் வரிசை அப்படி எண்ண வைக்கிறது, வரலாறு நேர்மாறானது. எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் அறிவித்தது 1897இல். அணுக்கருவை ரூதர்ஃபோர்டு முன்வைத்தது 1911இல். "ஐசோடோப்பு" என்ற சொல்லைப் பிரெடரிக் சாடி அச்சில் வெளியிட்டது 1913இல். நியூட்ரானைச் சாட்விக் கண்டறிந்தது 1932இல். ஆக, ஐசோடோப்புகளை அறிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அவற்றின் எடை வேறுபாட்டுக்கான காரணம் தெரியவந்தது. அந்த இடைக்காலத்தில் ஆஸ்டன், அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் தம் கருவியைக் கொண்டு நியான் 20, நியான் 22 ஆகியவற்றைப் பிரித்துக் காட்டி, கிளோரினின் 35, 37 என்ற இரண்டையும் வெளிக்கொணர்ந்து, 1922இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றுவிட்டார். அதுவரை நியூட்ரானை யாரும் கண்டறிந்திருக்கவில்லை.

சொல்லைப் பற்றியும் ஒரு வரி. கிரேக்கத்தில் "ஒரே இடம்" என்ற பொருள்படும் இந்தச் சொல்லைச் சாடிக்கு எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். இடம் என்றால் தனிம வரிசை அட்டவணையில் உள்ள கட்டம். எடை வேறாக இருந்தும் ஒரே கட்டத்தில் அமர்பவை என்பதே பொருள். தமிழில் "ஓரிடத்தான்" என்று வழங்கும் சொல் அந்தப் பொருளை அப்படியே ஏந்தி நிற்கிறது. பாடநூல் வழக்கம் கருதி நான் ஐசோடோப்பு என்று எழுதினாலும், முதன்முதலில் விளக்கும்போது ஓரிடத்தான் என்றே சொல்லத் தொடங்குவது வழக்கம், ஏனெனில் சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது.

இடம் என்றதும் ஆர்கானும் பொட்டாசியமும் நினைவுக்கு வருகின்றன. ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தின் அணு நிறை 39.10. எடையை வைத்து அடுக்கினால் பொட்டாசியம் முன்னால் வந்து, மந்த வாயுக்களின் வரிசையில் ஓர் உலோகம் உட்கார்ந்துவிடும். 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களை அளந்து, வரிசையை முடிவு செய்வது அணு எண்தான் என்று நிறுவிய பிறகு இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆர்கான் ஏன் கனமாக இருக்கிறது என்பதற்கும் விடை ஐசோடோப்புகளில்தான் உள்ளது: பூமியின் காற்றில் உள்ள ஆர்கானில் 99 விழுக்காட்டுக்கு மேல் ஆர்கான் 40. அதில் பெரும்பகுதி, பாறைகளுக்குள் இருந்த பொட்டாசியம் 40 நெடுங்காலமாகச் சிதைந்து உண்டானது. தன்னைவிடக் கனமான அண்டை வீட்டாரைப் பொட்டாசியமே உருவாக்கியிருக்கிறது என்பதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

2024 மார்ச் 8

ஐசோடோப்பு என்றாலே கதிரியக்கம் என்று எண்ண வேண்டாம். உங்கள் கிளோரினின் இரண்டு ஐசோடோப்புகளும் நிலையானவை. வெள்ளீயத்துக்கு மட்டும் பத்து நிலையான ஐசோடோப்புகள் உண்டு. சோடியம், ஃபுளூரின், அலுமினியம், தங்கம் ஆகியவற்றுக்கு நிலையானது ஒன்றே ஒன்று.

2024 மார்ச் 11

"ஐசோடோப்புகளின் வேதிப் பண்புகள் ஒன்றே" என்று எல்லோரும் எழுதுகிறோம். காரணம் சரியானது: வேதிவினைகளை நடத்துபவை எலக்ட்ரான்கள், அவற்றின் அமைப்பை முடிவு செய்வது புரோட்டான்களின் எண்ணிக்கை, நியூட்ரான்களுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. தைராய்டு சுரப்பி, நிலையான அயோடின் 127ஐயும் கதிரியக்கமுள்ள அயோடின் 131ஐயும் வேறுபாடு தெரியாமல் உள்வாங்கிக்கொள்வதும், அதனாலேயே பின்னதைக் கொண்டு அந்தச் சுரப்பிக்கு மருத்துவம் செய்ய முடிவதும் இதற்குச் சான்று.

ஆயினும் "ஒன்றே" என்ற சொல்லைப் பற்றி இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டால் அந்தச் சொல் தாங்கவில்லை. சாதாரண ஹைட்ரஜனில் நியூட்ரான் இல்லை, அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்தில் ஒன்று உண்டு. அந்த ஒன்றால் நிறை இரண்டு மடங்காகிவிடுகிறது. கிளோரின் 35க்கும் 37க்கும் உள்ள வேறுபாடு ஆறு விழுக்காட்டுக்குள் அடங்குவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். டியூட்டீரியத்தால் ஆன கனநீர் 3.8 டிகிரி செல்சியசில் உறைகிறது, 101.4 டிகிரியில் கொதிக்கிறது, சாதாரண நீரைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. கனநீரை உறையவைத்த பனிக்கட்டி சாதாரண நீரில் மிதக்காமல் மூழ்கும். நீரை மின்னாற்பகுக்கும்போது இலகுவான ஹைட்ரஜன் விரைவாக வெளியேற, எஞ்சும் நீரில் டியூட்டீரியத்தின் பங்கு உயர்ந்துகொண்டே போகிறது. இது வினையின் வேகத்தில் தெரியும் வேறுபாடு, ஆகவே வேதிப் பண்பிலேயே உள்ள வேறுபாடு.

எனவே "வேதிப் பண்புகள் ஏறத்தாழ ஒன்றே, அணு இலகுவாக ஆக ஆக வேறுபாடு தலைகாட்டும்" என்று எழுதுவதே நேர்மை.

2024 மார்ச் 12

அயனிக்குத் திரும்புகிறேன். "சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்தால் 10 எலக்ட்ரான்கள், நியானுக்கும் 10, அப்படியானால் சோடியம் நியானாகிவிட்டதா?" என்ற கேள்வி வந்திருக்கிறது. ஆகாது. பெயரைத் தரும் கணக்கு வேறு என்று மேலே எழுதினேன்: சோடியம் அயனியில் புரோட்டான்கள் 11. ஃபுளூரைடு, சோடியம், மெக்னீசியம் ஆகிய மூன்றின் அயனிகளிலும் எலக்ட்ரான்கள் பத்துதான், ஆனால் புரோட்டான்கள் முறையே 9, 11, 12. இழுக்கும் கை வலுவாக ஆக ஆக அதே பத்து எலக்ட்ரான்கள் நெருங்கி வருகின்றன. அவற்றின் ஆரம் ஏறத்தாழ 133, 102, 72 பிக்கோமீட்டர் (மீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்று சுருங்கிக்கொண்டே போகிறது.

"சோடியம் எலக்ட்ரானை விட்டுவிட விரும்புகிறது" என்ற வாக்கியத்தையும் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மோல் (வேதியியலில் அணுக்களை எண்ணும் பேரலகு) சோடியம் அணுக்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் ஆற்றலைச் செலவிட வேண்டும். கிளோரின் அதைப் பெற்றுக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோஜூல்தான். இந்த இரண்டை மட்டும் பார்த்தால் நட்டம். எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் நெருங்கி அடுக்கடுக்காகப் படிகமாகும்போது வெளிப்படும் ஏறத்தாழ 787 கிலோஜூல்தான் அந்த நட்டத்தை ஈடுகட்டி, உப்பு உண்டாவதைச் சாத்தியமாக்குகிறது. இரண்டாவது எலக்ட்ரானையும் பிடுங்க 4562 கிலோஜூல் வேண்டும். எந்தப் படிகமும் அதை ஈடுகட்டாது, ஆகவே உப்பில் சோடியம் ஒற்றை நேர்மின் சுமையோடு நின்றுவிடுகிறது. விருப்பம் என்ற சொல் இந்தக் கணக்கை முழுவதும் மறைத்துவிடுகிறது.

2024 மார்ச் 14

முதல் குறிப்பில் 35, 37 என்ற முழு எண்களைக் கொண்டு 35.5 பெற்றேன். அட்டவணை சொல்வதோ 35.45. இந்தச் சிறு இடைவெளியைச் சிலர் அளவீட்டுப் பிழை என்று நினைத்திருக்கிறார்கள். அப்படியில்லை. கிளோரின் 35 அணுவின் நிறை 34.969, கிளோரின் 37 அணுவின் நிறை 36.966, பங்குகள் 75.8, 24.2 விழுக்காடு. பெருக்கிக் கூட்டினால் 35.45 சரியாக வரும். நிறைகள் முழு எண்ணுக்குச் சற்றுக் கீழே நிற்பதற்குக் காரணம், புரோட்டான்களும் நியூட்ரான்களும் அணுக்கருவாகப் பிணையும்போது நிறையில் ஒரு பகுதி ஆற்றலாக வெளியேறிவிடுவது. கார்பன் 12இல் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: அதன் ஆறு புரோட்டான்கள், ஆறு நியூட்ரான்கள், ஆறு எலக்ட்ரான்களைத் தனித்தனியே நிறுத்துக் கூட்டினால் ஏறத்தாழ 12.099 வரும், அணுவாகச் சேர்ந்தபின் 12 மட்டுமே.

2024 மார்ச் 19

முதல் கேள்வியைக் கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். 35.5 என்ற நிறையுள்ள அணு இல்லை என்பதைச் சோதனையால் காட்ட முடியுமா என்று கேட்கிறார். முடியும். நிறை நிறமாலைமானிக்குள் கிளோரின் வாயுவைச் செலுத்தி, எலக்ட்ரான் கற்றையால் தாக்கி அயனிகளாக்கி, காந்தப்புலத்தில் வளையவிடுகிறார்கள். சுமை சமமாக இருக்கும்போது கனமானவை குறைவாக வளைகின்றன. அயனியாக்காமல் அந்தக் கருவியால் எதையும் நிறுக்க முடியாது. ஐசோடோப்பைக் காண அயனியின் துணை வேண்டியிருக்கிறது. பதிவில் 35இலும் 37இலும் மூன்றுக்கு ஒன்று என்ற உயரத்தில் இரண்டு முகடுகள் எழும். பிளவுபடாத மூலக்கூறுகள் 70, 72, 74 ஆகிய இடங்களில் ஏறத்தாழ 9, 6, 1 என்ற விகிதத்தில் தோன்றும். 35.5இலோ 71இலோ எதுவும் இல்லை.

2024 மார்ச் 20

அவருடைய அடுத்த கேள்வி நுட்பமானது. ஓர் அணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்தால் கருவி எதைக் காட்டும்? கருவி நிறையை நேரடியாகக் காட்டுவதில்லை, நிறையைச் சுமையால் வகுத்துக் காட்டுகிறது. ஆகவே இரட்டைச் சுமை கொண்ட கிளோரின் 35 அணு 17.5இலும், கிளோரின் 37 அணு 18.5இலும் தோன்றும். அவர் முதல் நாள் கழித்துப் பெற்ற அதே 18.5தான். இங்கே அரை வந்தது இரண்டால் வகுத்ததால்; அந்த முகட்டை உண்டாக்கிய ஒவ்வொரு அயனியிலும் 17 புரோட்டான்கள், 20 நியூட்ரான்கள், 15 எலக்ட்ரான்கள்.